ரெண்டு பேர் படகுக்கு ஒரு கேப்டன் பத்தாது

இந்த வாரம் மூணு வாட்ஸப் குரூப்பில் இருந்து ஒரே ஜோக் எனக்கு வந்து சேர்ந்தது. ஒரு தம்பதி பாய்மரப் படகில் உலகம் சுற்றக் கிளம்பறாங்களாம். ரங்கமணி சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு "நங்கூரத்தைப் போடு"ன்னு கத்தறார். தங்கமணி போட்டுடறாங்க. கயிறு கட்டாத நங்கூரம் நேரா அடி ஆழத்துக்குப் போயிடுது. "நீங்க போடத்தானே சொன்னீங்க, கட்டச் சொல்லலியே"ன்னு தங்கமணி கேக்கறாங்க. அதுக்குக் கீழே வரிசையா நாப்பது பேர் பல்லைக் காட்டற மஞ்சள் மூஞ்சியைப் போட்டிருக்காங்க.

சிரிக்கிறதுக்கு நான் எதிரி இல்லை மக்களே. ஆனா சிரிச்சு முடிச்ச அந்த நாப்பது பேரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுப் போகணும். நங்கூரத்துக்குக் கயிறு கட்டணும்னு அந்தம்மாவுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா? ரெண்டே பேர் போற படகில் ஒருத்தருக்கு மட்டும் எல்லாம் தெரியும், இன்னொருத்தருக்கு ஒண்ணும் தெரியாதுன்னா, அது தெரியாதவரோட குறையா, இல்லை தெரிஞ்சவரோட திமிரா?

திமிருன்னுதான் நான் சொல்றேன். காரணத்தையும் சொல்றேன், கொஞ்சம் பொறுமையா வாங்க.

நான் தூத்துக்குடிக்காரன். பாய் கட்டின தோணிகள் கொழும்புக்குச் சரக்கு ஏத்திக்கிட்டுப் போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவன். இப்ப பொழைப்பு மைசூரில். கடலுக்கும் எனக்கும் நடுவில் மலைத்தொடரே வந்து உக்காந்தாச்சு. இந்த ஊரில் தண்ணின்னா காவிரி, கபினி, குக்கரஹள்ளி ஏரி, அவ்வளவுதான். ஆனா தண்ணியில் தம்பதிகள் படற பாட்டைப் பார்க்கக் கடல் எதுக்கு? ஊரில் இருந்து சொந்தக்காரங்க வந்தா அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சிசாலை எல்லாம் முடிச்சிட்டுத் தலக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். அங்கே பரிசல் இருக்கு.

பரிசலைப் பார்த்திருப்பீங்க. மூங்கிலில் பின்னின வட்டமான கூடை. முன் பக்கம், பின் பக்கம் எதுவும் கிடையாது. ஒரு பக்கமா மட்டும் துடுப்புப் போட்டா, போற இடத்துக்குப் போகாம நின்ன இடத்திலேயே சுத்தும். பரிசல்காரர் ஆத்து நடுவில் வேணும்னே நாலு சுத்து சுத்திவிடுவார், அதுதான் காசுக்குக் கிடைக்கிற வேடிக்கை. ஏறும்போது கேமராவுக்கு போஸ் கொடுத்துக்கிட்டு, "பயப்படாதே, நான் இருக்கேன்ல"ன்னு பொண்டாட்டிக்கு தைரியம் சொன்ன அண்ணாச்சிகள் இருக்காங்க பாருங்க, மூணாவது சுத்தில் அவங்க முகத்தைப் பார்க்கணும் :-) அந்தப் பக்கம் மதினி நல்லா சிரிச்சுக்கிட்டே "இன்னொரு தடவை சுத்துங்கண்ணா"ன்னு கேட்டுக்கிட்டு இருப்பாங்க. இதை நான் ஒரு தடவை இல்லை, பல தடவை பார்த்திருக்கேன். இந்த ஜோக்கை மட்டும் ஏன் யாரும் ஃபார்வர்ட் பண்றதில்லை?

நம்ம சினிமாவும் இதுக்கு உடந்தை. படகுப் பாட்டுன்னா ஹீரோ துடுப்புப் போடணும், ஹீரோயின் ஒரு கையைத் தண்ணியில் விட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். அவர் கையில் ஒருநாளாவது துடுப்பைக் கொடுத்தீங்களாய்யா?

சரி, நிஜத்துக்கு வருவோம். வெளிநாடுகளில் வீட்டையே வித்துட்டுப் பாய்மரப் படகில் குடியேறி வருஷக்கணக்கில் சுத்தற தம்பதிகள் நிறைய உண்டு. அவங்க கிட்டேயும் கூத்துக்குக் குறைச்சல் இல்லை. முக்கியமான குடும்பச் சண்டை நடக்கிறது நங்கூரம் போடற நேரத்தில்தான். ஒருத்தர் படகோட முன் முனையில் நங்கூரத்தோட நிப்பார், இன்னொருத்தர் பின்னாடி சுக்கானில். நடுவில் காத்து, எஞ்சின் சத்தம். இவர் சொல்றது அவருக்குக் கேக்காது, அவர் கேக்கறது இவருக்குக் கேக்காது. துறைமுகமே வேடிக்கை பார்க்க ரெண்டு பேரும் தொண்டை கிழியக் கத்துவாங்க. இதுக்காகவே காதில் மாட்டிக்கிட்டுப் பேசற மைக் செட் விக்கறாங்க. கடலோடிகள் அதுக்கு வச்சிருக்கற செல்லப் பேர், கல்யாணத்தைக் காப்பாத்தற கருவி. சத்தியமா நான் கட்டின கதை இல்லை.

அமெரிக்காவில் லின் பார்டீ, லேரி பார்டீன்னு ஒரு ஜோடி. 24 அடி சொச்சம் நீளத்தில் தாங்களே கட்டின 'செராஃபின்'ங்கற படகை 1968-இல் தண்ணியில் இறக்கினாங்க. எஞ்சினே கிடையாது. கழிப்பறைக்கு ஒரு வாளி. இந்த லட்சணத்தில் உலகத்தைச் சுத்தி, அதைப் புத்தகம் புத்தகமா எழுதி, அதையே பொழைப்பாவும் ஆக்கிக்கிட்டாங்க. லேரி 2020-இல் இறந்துபோனார். லேரியைச் சந்திக்கிறதுக்கு முன்னாடி லின்னுக்குப் பாய்மரப் படகோட்டின அனுபவம் பெரிசா கிடையாது. லேரி அவரைச் சமையலறையில் உக்கார வச்சிருந்தா அந்தப் படகு எத்தனை மைல் போயிருக்கும்?

இங்கேதான் விஷயம் இருக்கு. பாய்மரப் படகை ராத்திரியானா ஓரம் கட்டிட்டுத் தூங்க முடியாது. நடுக்கடலில் ஓரம் ஏது? ராத்திரி முழுக்க யாராவது ஒருத்தர் முழிச்சிருக்கணும். கப்பல் எதிர்ல வருதா, காத்து திரும்புதா, பாயைச் சுருக்கணுமான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். ரெண்டு பேருக்கும் வேலை தெரிஞ்சா, மாத்தி மாத்தித் தூங்கலாம். ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சா, அவருக்குத் தூக்கமே கிடையாது. நாலாவது நாள் அவரே ஒரு ஆபத்து ஆயிடுவார்.

நம்ம நாட்டிலேயே இதுக்குப் பெரிய உதாரணம் இருக்கு. 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவில் இருந்து நம்ம கடற்படையோட 'தாரிணி'ங்கற 56 அடிப் பாய்மரப் படகு கிளம்புச்சு. உள்ளே ரெண்டே ரெண்டு பேர். லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, கோழிக்கோட்டுக்காரர். லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, நம்ம புதுச்சேரிக்காரர். ஃப்ரீமேன்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன்னு நாலு இடத்தில் மட்டும் நின்னு, 25 ஆயிரம் கடல் மைலுக்கு மேல் ஓட்டி, 2025 மே 29-ஆம் தேதி கோவாவுக்குத் திரும்பினாங்க. எட்டு மாசம். நடுவில் 2025 பிப்ரவரியில் கேப் ஹார்ன் முனையையும் தாண்டினாங்க. மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் அடிச்ச காத்தையும் பார்த்தாங்க.

இவங்க தம்பதி இல்லை, சக அதிகாரிகள். அதனாலதான் சொல்றேன். இந்த ரெண்டு பேர்ல யாரு கேப்டன், யாரு மூட்டைன்னு கேட்டா உங்களால பதில் சொல்ல முடியுமா? ஒருத்தர் தூங்கும்போது இன்னொருத்தர் முழுக் கேப்டன். அப்படி இல்லைன்னா ஆஸ்திரேலியாவே போய்ச் சேர்ந்திருக்க மாட்டாங்க.

இன்னொரு கதை, இது தம்பதி கதைதான். இங்கிலாந்தில் டெர்பி நகரத்துக்காரங்க மாரிஸ் பெய்லி, மேரலின் பெய்லி. வீட்டை வித்து 31 அடிப் படகு வாங்கி, 1972-இல் நியூசிலாந்துக்குக் கிளம்பினாங்க. வெளியாளோட தொந்தரவு வேண்டாம்னு செய்தி அனுப்பற ரேடியோவே வைக்கலை. 1973 மார்ச் மாசம் பசிபிக் கடலில் ஒரு திமிங்கலம் மோதிப் படகு மூழ்கிப் போச்சு. காத்தடைச்ச தெப்பம் ஒண்ணு, குட்டிப் படகு ஒண்ணு, அதில் 117 நாள். ஏழு கப்பல் அவங்களைப் பார்க்காமலே தாண்டிப் போச்சு. கடைசியா 1973 ஜூன் 30-ஆம் தேதி கொரியா நாட்டு மீன்பிடிக் கப்பல் ஒண்ணு வந்து தூக்குச்சு.

இதில் கவனிக்க வேண்டியது என்னன்னா, மேரலினுக்கு நீச்சல் தெரியாது. திசை கணிக்கிறது, படகோட்டறது எல்லாத்திலேயும் கெட்டிக்காரர் மாரிஸ்தான். ஆனா தெப்பத்தில் நம்பிக்கை இழந்து சுருண்டது அவர். சேஃப்டி பின்னை வளைச்சுத் தூண்டில் முள் செஞ்சு மீன் பிடிச்சதும், காகிதத்தில் சீட்டுக்கட்டு செஞ்சு விளையாட வச்சதும், அடுத்த படகை எப்படிக் கட்டலாம்னு பேசிப் பேசி அவரை உயிரோட வச்சிருந்ததும் அந்தம்மா. நம்ம ஜோக் எழுதறவங்க கையில் கிடைச்சிருந்தா நீச்சல் தெரியாத தங்கமணின்னு எழுதி மஞ்சள் மூஞ்சி போட்டு முடிச்சிருப்பாங்க.

இப்ப கரைக்கு வரேன். ஏன்னா, எனக்குக் கோபம் வந்தது படகைப் பத்தி இல்லை.

நான் வங்கியில் வேலை பார்க்கிறவன். படிச்சது பி.காம். வருஷத்துக்குச் சில தடவையாவது எங்க மேஜைக்கு முன்னாடி ஒரு அம்மா வந்து உக்காருவாங்க. வெளியூரில் இருந்து மாற்றலாகி வந்த குடும்பம். கணவர் திடீர்னு தவறியிருப்பார். கையில் ஒரு பழைய பைல். "இவருக்கு எங்கெங்க கணக்கு இருக்குன்னு தெரியலைங்க. எல்லாம் அவர்தான் பார்த்துக்குவார்"னு சொல்லுவாங்க. பத்து வருஷம் மைசூரில் இருந்தும் காய்கறிக் கடைக் கன்னடம் மட்டும்தான் தெரியும். நெட் பேங்கிங் கடவுச்சொல் தெரியாது. செல்போனைத் திறக்கற எண் தெரியாது. இன்சூரன்ஸ் பாலிசி எத்தனைன்னு தெரியாது. வீட்டுக் கடன் பாக்கி தெரியாது. வைப்புத்தொகை தனிப்பேரில் இருக்கும், நாமினி காலமே காலியா இருக்கும். வாரிசுச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க எந்த அதிகாரிக்கும் மனசு வராது. சொந்த ஊர் அலுவலகத்துக்கும் இந்த ஊருக்கும் நடுவில் மாசக்கணக்கில் அலைவாங்க. பணம் அவங்களோடதுதான். ஆனா அதைத் தொட முடியாது.

கடலில் ஒரு பயிற்சி உண்டு. ஆள் தண்ணியில் விழுந்துட்டா என்ன செய்யணும்ங்கற பயிற்சி. பாய்மரப் படகுக்கு பிரேக் கிடையாது. ஆள் விழுந்த பிறகும் அது போய்க்கிட்டே இருக்கும். விழுந்தவர் மேல வச்ச கண்ணை எடுக்காம, மிதவையைத் தூக்கிப் போட்டு, பாயைத் தளர்த்தி, படகைத் திருப்பி அவர் பக்கத்தில் கொண்டு வரணும். ரெண்டே பேர் இருக்கிற படகில் இதைச் செய்ய ஒரே ஒருத்தர்தான் மிச்சம். அவருக்கு அது தெரியலைன்னா, ரெண்டு பேரும் போனாங்க.

நம்ம வீட்டில் இந்தப் பயிற்சியை யாரு செஞ்சிருக்கா?

ரிசர்வ் வங்கியில் ஒரு நிதி இருக்கு. பத்து வருஷம் யாரும் தொடாத வைப்புக் கணக்குப் பணம் எல்லா வங்கியில் இருந்தும் அங்கே போய்ச் சேரும். 2024 மார்ச் முடிவில் அதில் இருந்தது 78,213 கோடி ரூபாய். அதில் எல்லாமே இறந்தவங்க பணம்னு நான் சொல்ல மாட்டேன். மறந்துபோன சில்லறைக் கணக்கு, மூடின கம்பெனிக் கணக்கு எல்லாம் சேர்ந்ததுதான். ஆனா "அவர்தான் பார்த்துக்குவார்"ங்கற ஒரு வரிக்கு அதில் எவ்வளவு பங்கு இருக்கும்னு நீங்களே யோசிங்க. நல்ல வேளை, அந்த நிதிக்குப் போன பணத்தையும் உரியவங்க கேட்டு வாங்கலாம். தேடறதுக்குன்னே ரிசர்வ் வங்கி 2023-இல் 'உத்கம்'னு ஒரு இணையதளம் திறந்திருக்கு. ஆனா தேடணும்னு தெரிஞ்சாத்தானே தேடுவாங்க?

இப்ப வழக்கமா வர்ற எதிர்ப்புக்கெல்லாம் பதில் சொல்லிடறேன்.

"அவளுக்கு இதிலெல்லாம் இஷ்டம் இல்லைங்க." நடுக்கடலில் இஷ்டத்தை யாரு கேட்டா? மாசம் பூரா மளிகைக் கணக்கு, பால் கணக்கு, சீட்டுப் பணம், பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் மனசுக்குள்ளேயே ஓட்டறவங்களுக்கு ஒரு பாஸ்புக் புரியாதா? நீங்க சொல்லிக்கொடுத்த விதம் அப்படி இருந்திருக்கும். ஒரு தடவை எரிஞ்சு விழுந்தா அடுத்த தடவை யாரும் கேக்க மாட்டாங்க.

"இப்ப எதுக்குங்க சாவைப் பத்திப் பேச்சு, அபசகுனமா?" லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிறதை யாராவது அபசகுனம்னு சொல்றாங்களா?

"நாங்க துபாயில் இருக்கோம், ஊரில் தம்பிக்குப் பவர் பத்திரம் கொடுத்திருக்கேன்." நல்லது அண்ணாச்சி. ஆனா பவர் கொடுத்தவர் இறந்த அந்த நிமிஷமே அந்தப் பத்திரத்தோட உயிரும் போயிடும். தம்பி எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி.

"என் பொண்டாட்டி என்னை விட அதிகமா சம்பாதிக்கிறா." ரொம்ப சந்தோஷம். சம்பளம் வாங்கறவங்க எல்லாருக்கும் வீட்டுக் கணக்கு தெரியும்னு யாரு சொன்னா? சம்பளச் சீட்டு அவங்களோடது, கடவுச்சொல் எல்லாம் உங்களோடதுன்னு எத்தனை வீடு இருக்குன்னு எனக்குத் தெரியும்.

இதைப் படிச்சிட்டு மதினிமார் யாரும் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம் :-) மறுபக்கமும் இருக்கு. பொண்டாட்டி நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தா, பிள்ளை எந்த செக்‌ஷன்னு தெரியாத அப்பா, கேஸ் புக் பண்ற நம்பர் தெரியாத அப்பா, மாமியாருக்கு எந்த மாத்திரை காலையில எந்த மாத்திரை ராத்திரின்னு தெரியாத மகன், இவங்களும் அதே படகில் போற மூட்டைதான். இதே மைசூரில் ராணுவ உணவு ஆராய்ச்சிக்கூடம் ஒண்ணு 1961-இல் இருந்து இருக்கு. எங்கேயோ பனிமலையில் நிக்கிற சிப்பாய் பிரிச்சுச் சாப்பிடறதுக்குப் பாக்கெட் சாப்பாடு கண்டுபிடிக்கிறாங்க. வீட்டுக்குள்ளே ரசம் வைக்கத் தெரியாத நம்ம ஆளுங்களுக்கு அவங்க பாக்கெட் போட்டுத் தர மாட்டாங்க.

புலம்பிட்டு மட்டும் போகலை. வர்ற ஞாயித்துக்கிழமை செய்யறதுக்கு வேலை கொடுத்துட்டுத்தான் போறேன்.

1. ஒரு சாதா நோட்டு எடுங்க. எந்த வங்கி, எந்தக் கிளை, எந்த இன்சூரன்ஸ், எந்தக் கடன், எந்தச் சீட்டு, லாக்கர் சாவி எங்கே, எல்லாம் எழுதுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து எழுதணும். ஒருத்தர் எழுதி ஒளிச்சு வைக்கிறதில் புண்ணியம் இல்லை.

2. சேமிப்புக் கணக்கைக் கூட்டுக் கணக்கா மாத்தி, 'ஐதர் ஆர் சர்வைவர்'னு போடச் சொல்லுங்க. ரெண்டு பேர்ல யாரும் எடுக்கலாம், ஒருத்தர் இல்லைன்னா மத்தவர் எடுக்கலாம். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்'னு போட்டா முதல் பேர்காரர் இருக்கிற வரைக்கும் அடுத்தவர் கையெழுத்து செல்லாது. வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

3. நாமினி போடுங்க. 2025 நவம்பர் 1-இல் இருந்து ஒரு கணக்குக்கு நாலு பேர் வரை நாமினியா போடலாம். கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா பேரைப் போட்டு, அப்பாவும் போய்ச் சேர்ந்து, இன்னும் அதே பேர் இருக்கிற கணக்கு ஏராளம். இன்னொண்ணு, நாமினின்னா பணத்துக்குச் சொந்தக்காரர்னு அர்த்தம் இல்லை. வங்கிகிட்ட இருந்து வாங்கி வாரிசுகளுக்காக வச்சிருக்கிறவர். யாருக்கு என்ன சேரணும்னு சொல்ல உயில் வேணும்.

4. கடைசியா, ஒரு மாசம் வேலையை மாத்திக்குங்க. கரன்ட் பில், வீட்டுக் கடன் தவணை, வங்கிக்குப் போறது எல்லாம் அவங்க. சமையல், பிள்ளையோட பள்ளிக்கூட டைரி, மாத்திரை டப்பா எல்லாம் நீங்க. முதல் வாரம் நங்கூரம் கயிறு இல்லாம போகத்தான் செய்யும். சாம்பாரில் உப்பு ரெண்டு தடவை விழும், தவணை ஒருநாள் தாமதமாகும். பக்கத்து வீட்டுக்குக் கேக்கற மாதிரி கத்தாம இருந்தாச் சரி.

அந்த நங்கூர ஜோக்கை இனிமே யாராவது எனக்கு அனுப்பினா, பதிலுக்கு ஒரே ஒரு கேள்விதான் அனுப்பப் போறேன். உங்க வீட்டு லாக்கர் எந்தக் கிளையில் இருக்குன்னு உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா? தெரியும்னு பதில் வந்தா நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

டிஸ்கி: "உங்க வீட்டில் எப்படி?"ன்னு பின்னூட்டத்தில் கேக்கப் போறவங்களுக்கு முன்கூட்டியே பதில். எங்க வீட்டு நோட்டு அலமாரியில் ரெண்டாவது தட்டில் இருக்கு. அட்டையில் இருக்கிற கையெழுத்து என்னோடது இல்லை.